மூட்டுவாதமும் இயற்கை வாழ்வும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு விழாவிலே பேச வருவோர் சமயத்தைப் பற்றியோ, தமிழைப் பற்றியோ, இளைஞர் கடமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். விழா மேடையில் நோய்ப் பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் சரீரம் நன்றாயிருந்தாலன்றோ தொண்டும் வழிபாடும் நடக்கும்? திருநாவுக்கரசு சுவாமிகளைச் சைவத்துக்கு மீட்டுத் தந்தது ஒரு சூலை நோய். நோய் தீர்ந்தபின் அவர் கையில் எடுத்தது உழவாரப்படை. ஆகவே நோயும், அது நீங்கியபின் கைகள் செய்யும் வேலையும் நமது சமயத்துக்குப் புறம்பான பொருள்களல்ல.

நாம் எடுத்துக்கொண்ட நோயின் பெயர் சொரியாசிஸ் மூட்டுவாதம். பெயர் புதிதாயிருக்கலாம், நோய் புதிதன்று. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளி நிறமான செதில் படிந்து உதிருமே, அதுவே சொரியாசிஸ். சித்த வைத்தியர் இதைக் காளாஞ்சகப்படை என்பர். உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டின் அறிக்கையில் கணக்கிட்டது. இவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கோ ஐவரில் ஒருவருக்கோ நோய் தோலோடு நில்லாமல் மூட்டுக்குள்ளும் இறங்குகிறது. பெரும்பாலும் தோலில் தோன்றிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மூட்டில் தோன்றும். சிலருக்கு மூட்டில் முதலிலும் தோலில் பின்னரும் வருவதுண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இதற்கில்லை. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதிலேயே மிகுதியாக வருகிறது.

தோல் நோய்க்கும் மூட்டு நோய்க்கும் தொடர்புண்டென்று பிரெஞ்சு வைத்தியர் அலிபெர் என்பவர் 1818இலேயே குறித்துவைத்தார். ஆயினும் நெடுங்காலம் இதை மற்ற மூட்டுவாதங்களோடு சேர்த்தே எண்ணினார்கள். 1964இலேயே அமெரிக்க மூட்டுவாதச் சங்கம் இதைத் தனியொரு நோயாக ஏற்றது. 1973இல் மோல், ரைட் என்னும் இரு ஆங்கில வைத்தியர்கள் இதன் வகைகளைப் பிரித்து எழுதினார்கள். மேல்நாட்டிலேயே இத்தனை காலம் பிடித்ததென்றால், நமது லயத்திலும் கடைவீதியிலும் இதை யாரும் இனங்கண்டுகொள்ளாதது வியப்பன்று.

இதை எவ்வாறு அறிவது? காலையில் எழுந்ததும் மூட்டுகள் பூட்டுப் போட்டாற்போல இறுகி, அரை மணி நேரம் கடந்தும் இளகாதிருக்கும். வேலை செய்யச் செய்ய இறுக்கம் தளரும். ஓய்ந்து உட்கார்ந்தால் மீண்டும் கூடும். முதுமையில் வரும் தேய்வு வலி இதற்கு நேர்மாறானது. அது வேலை செய்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். ஒரு விரல் மாத்திரம் அடி முதல் நுனி வரை சிறு வாழைக்காய் போல வீங்குவது இந்நோயின் தனி அடையாளங்களுள் ஒன்று. குதிகால் நரம்பு எலும்போடு பொருந்தும் இடத்தில் நோகும். நகத்திலே ஊசியாற் குத்தினாற்போலச் சிறு குழிகள் காணும். நகம் சதையை விட்டுக் கிளம்பும். பின்னிரவில் இடுப்பு வலியால் விழிப்பு வரும். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். இரத்தத்தில் வாதக் காரணி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இந்நோயாளர் பெரும்பாலோருக்கு இல்லை என்றே வரும். அந்தத் தாளை நம்பி, "வாதம் இல்லையாம்" என்று வீடு திரும்பிவிடலாகாது.

இது ஏன் வருகிறது? உடம்பைக் காக்க இறைவன் வைத்த காவற்படை, அந்நியக் கிருமியைத் தாக்குவதற்குப் பதிலாகத் தன் வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். தொண்டைப் புண், காயம், மனக்கவலை, புகை, உடற்பருமன் ஆகியன அதைத் தூண்டிவிடுகின்றன. தோலில் அது படையாகவும், மூட்டிலும் நரம்பு எலும்போடு சேரும் இடத்திலும் வீக்கமாகவும் வெளிப்படுகிறது. ஆகவே இது தொற்று நோயன்று. தொடுவதாலும், ஒரே கிண்ணத்தில் உண்பதாலும், ஒரே பாயில் படுப்பதாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பழவினை என்றும் சாபம் என்றும் சொல்லி நோயாளியைக் குறை கூறுவதற்கும் இதில் இடமில்லை.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழங்காலத்தில் உலகெங்கும் இந்நோயைக் குஷ்டத்தோடு சேர்த்துக் குழப்பினார்கள். வியன்னா நகர வைத்தியர் எப்ரா என்பவர் 1841இல் இரண்டும் வேறு வேறென்று பிரித்துக் காட்டினார். குஷ்டம் என்பதும் இன்று மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய்தான். என்றாலும் அந்தப் பழைய பயம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. சலூனில் முடி வெட்டத் தயங்குகிறார்கள். அன்னதானப் பந்தியில் பக்கத்திலிருப்பவர் இலையைத் தள்ளிப் போடுகிறார். பெண்ணுக்குக் கலியாணம் பேச வருவோர் முழங்கையைப் பார்த்துவிடுவார்களோ என்று தாய் அஞ்சி, வெயில் காலத்திலும் நீண்ட கைச் சட்டை அணிவித்து வைக்கிறாள். நோயைவிட இந்த மறைப்பே அதிகக் கேடு செய்கிறது.

மறைப்பதால் நேர்வது என்ன? நமது பக்கத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல் வீங்குகிறது. நிறுவைக்குக் கொழுந்து குறைகிறது; சம்பளம் குறைகிறது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாட் சம்பளம் போகும், பஸ் காசும் போகும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்துகிறாள். சுளுக்கு என்று ஒருவர் நீவிவிடுகிறார். சந்தையில் விற்கும் ஒரு சூரணத்தை இன்னொருவர் வாங்கிக் கொடுக்கிறார். ஒரு வருஷம் போகிறது; இரண்டு வருஷம் போகிறது. அதற்குள் மூட்டின் எலும்பு அரித்துப்போய்விடுகிறது. அரித்த எலும்பை எந்த மருந்தும், எந்த மூலிகையும், எந்த ஆசனமும் மீண்டும் வளர்த்துத் தர மாட்டா. அயர்லாந்து தேசத்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, மூட்டுவாத வைத்தியரிடம் செல்ல ஆறு மாதம் தாமதித்தவர்களிடத்திலேயே மூட்டு அழிவு மிகுந்திருந்ததைக் கண்டது. ஆறு மாதம் என்பது இரண்டு தீபாவளிக்கு இடையிலுள்ள காலத்தில் பாதி. அவ்வளவுதான் நமக்குள்ள தவணை.

இனி, இயற்கை முறை என்ற பொருளுக்கு வருவோம். "ஆங்கில மருந்து சூடு, அதை விட்டுவிட்டு இயற்கையாகச் சுகப்படுத்த வழி உண்டா?" என்று பலர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு நமது ஊரிலேயே விடை இருக்கிறது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஆயிரம் அடிக்கு மேற்பட்ட ஏற்றம். நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளிலே, ரம்புக்கனையில் வண்டித் தொடரின் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டுவார்கள். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். அக்காலத்து எஞ்சின்களை 2014இல் இவ்வூரில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையில் நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். இந்நோயாகிய ஏற்றத்திலும் வைத்தியர் தரும் மருந்து முன்னின்று இழுக்கும் எஞ்சின். உணவு, உழைப்பு, உறக்கம், ஒழுக்கம் ஆகியவை பின்னின்று தள்ளும் எஞ்சின். முன்னதைக் கழற்றிவிட்டுப் பின்னதை மாத்திரம் நம்பினால் வண்டி மலையேறாது. பின்னதைப் பூட்டாவிட்டால் முன்னது மூச்சுத் திணறும். இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

தள்ளும் எஞ்சினின் முதற் பகுதி உடல் எடை. இடுப்பிலும் வயிற்றிலும் தங்கும் கொழுப்புச் சும்மா கிடப்பதில்லை. மூட்டை வீங்கச் செய்யும் பொருள்களை அதுவே சுரக்கிறது. இத்தாலியில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகுந்த 138 நோயாளருக்கு மருந்தோடு உணவுக் கட்டுப்பாடும் அளித்துப் பார்த்தார்கள். தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்காவது குறைத்தவர்களிடத்தில் நோய் அடங்கியோர் தொகை தெளிவாக மிகுந்திருந்தது. 80 கிலோ உள்ளவருக்கு ஐந்து பங்கு என்பது 4 கிலோ, எட்டாக் கனியன்று. சுவீடன் தேசத்தில் 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், மிகப் பருத்த 41 பேர் வைத்தியர் மேற்பார்வையில் சில மாதம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கைக்கொண்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடை குறைத்து, மூட்டு நோவும் குறையப் பெற்றார்கள். வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் அந்தக் கடும் முறையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாகாது. மெலிந்த உடம்புள்ளவர் மேலும் மெலிய வேண்டியதுமில்லை.

அடுத்தது உணவு. திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் பத்துக் குறள் பாடியிருக்கிறார். அவற்றில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகிறார். நமது வீடுகளில் காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர், இடையிலே பிஸ்கட் என்று நாள் கழிகிறது. ரொட்டியின் எண்ணிக்கையைக் குறைத்து, பருப்பு, பயறு, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, காய்கறி ஆகியவற்றைக் கூட்டினால், செலவு மிகாமலே உடம்பு இலேசாகும். வாரத்தில் சில நாள் குரக்கன் பிட்டோ இலைக்கஞ்சியோ வைத்துக்கொள்ளலாம். இவை மூட்டுவாதத்தைத் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. எடையையும் இரத்தச் சீனியையும் கட்டுக்குள் வைக்கும். அது இந்நோயாளருக்கு மிக வேண்டியது. இந்நோய் உள்ளவர்களுக்கு இருதய நோயும் நீரிழிவும் மற்றவரைவிட எளிதில் வருகின்றன.

கோதுமையை அறவே விலக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கோதுமைச் சத்து ஒவ்வாத குடல் நோய் உள்ளவர்களுக்கே அது பொருந்தும் என்று அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் நிறுவனத்து வைத்தியக் குழு 2018இல் கூறியது. கத்தரிக்காய், தக்காளி கரப்பான் என்பது நமது பாட்டிமார் வாக்கு. ஒருவருக்கு ஒரு பதார்த்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அதை விடலாம். பிள்ளையின் கோப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிடுவது பத்தியமாகாது, பட்டினியாகும். மீனெண்ணெயைப் பற்றி டென்மார்க்கிலே 145 பேரை வைத்துச் சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். 24 வாரம் அதை உட்கொண்டவர்கள் வலி மாத்திரையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் நோயின் வேகத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே மீன் உண்போர் சாளை, கும்பளா முதலியவற்றை உண்ணலாம். சைவ போசனம் செய்வோர் இதன் பொருட்டு விரதம் கெட வேண்டியதில்லை. மஞ்சள் கறியிலே தாராளமாக இருக்கட்டும். ஆனால் மிளகுச் சத்துச் சேர்த்துச் செறிவாக்கிய மஞ்சள் வில்லைகளால் சிலருக்கு ஈரல் பழுதுற்றதென அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஈரலைத் தொடும் மருந்து உட்கொள்வோர் அவ்வில்லைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

மூன்றாவது தேகாப்பியாசம். வலிக்கும் மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் அது மேலும் இறுகும். நோர்வே தேசத்தில் 67 நோயாளருள் ஒரு சாராரைப் பதினொரு வாரம் விட்டுவிட்டு வேகமாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். நோய் கூடவில்லை, களைப்புக் குறைந்தது. நம்மவர்க்கு நடையும் யோகாசனமும் போதும். கடுகண்ணாவையின் காலைப் பனியில் உடனே வெளியே இறங்காமல், முதலில் இளஞ்சூடான நீரில் கைகளை வைத்து விரல்களை மெல்ல மூடித் திறந்து, மணிக்கட்டைச் சுழற்றி இளக்கிக்கொள்ள வேண்டும். சூரிய நமஸ்காரம் செய்வோர் மணிக்கட்டு வீங்கியிருந்தால் உள்ளங்கையைத் தரையில் ஊன்றாமல், சுவரிலோ நாற்காலியிலோ கை வைத்துச் செய்யலாம். மூட்டுச் சூடாகி வீங்கிய நாளில் பாரம் தூக்கலாகாது. நெட்டி முறிப்பதும் பலவந்தமாக நீவுவதும் ஆகா. கொழுந்து பறிப்போர் இரு கைகளுக்கும் வேலையைப் பகிர்ந்து, இடையிடையே விரல்களை நீட்டி மடக்க வேண்டும். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமப்போர், கழுத்து நோவு இருந்தால் அதை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். குதிகால் நோவுடையோர் வெறுங்காலோடு சரிவில் இறங்காமல் மெத்தென்ற செருப்பு அணிவது நன்று.

நான்காவது எண்ணெயும் நீரும் வெயிலும். இளஞ்சூட்டு நீரில் குளித்து, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் பூசினால் செதில் இளகும், அரிப்புத் தணியும். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊற வைத்து வெயிலில் வைத்தெடுக்கும் தைலத்தைச் சித்த வைத்தியர் தோற்படைக்குப் பூசுகின்றனர். சாம்பன் சூரியனை வழிபட்டுத் தோல் நோய் நீங்கப் பெற்றான் என்று புராணம் கூறும். கார்போகரிசியைப் பயன்படுத்தி வெயிலில் நிறுத்தும் பழைய முறையும் பாரத தேசத்தில் இருந்தது. அவ்விதையிலுள்ள சொராலென் என்னும் பொருளின் இனத்தைச் சேர்ந்த மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து 1974இல் அமெரிக்க வைத்தியர் சொரியாசிஸுக்குச் சிகிச்சை செய்து காட்டினர். ஆகவே காலை வெயில் நல்லது. உடம்பு சிவக்கும் அளவுக்கு நிற்பது கேடு. ஒன்றை மாத்திரம் மறக்கலாகாது. தைலமும் வெயிலும் தோலுக்கு உதவும். மூட்டின் உள்ளே நடக்கும் அரிப்பை அவை நிறுத்தமாட்டா. தோல் தெளிந்துவிட்டது என்று மூட்டை மறந்தவர்கள் பின்னர் வருந்தியிருக்கிறார்கள்.

ஐந்தாவது புகையும் குடியும். பீடி, சிகரட்டு, புகையிலை போட்ட வெற்றிலை, சாராயம், கசிப்பு ஆகியன நம் சமூகத்தை அரிப்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? புகை பிடிப்போருக்கு இந்நோயின் மருந்துகள் வேண்டிய அளவு பலிப்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து உட்கொள்வோர் குடித்தால் ஈரல் கெடும். இதில் பாதி வழி என்று ஒன்றில்லை.

ஆறாவது மனமும் உறக்கமும். கவலை மிகுந்தால் படை மிகும். படை மிகுந்தால் கவலை மிகும். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கதிர்ச் சிகிச்சை பெற்ற 37 பேரில் ஒரு சாரார் சிகிச்சைப் பெட்டிக்குள் நிற்கும்போதே ஒலிநாடாவைக் கேட்டுத் தியானம் செய்தார்கள். அவர்களுக்குத் தோல் விரைவாகத் தெளிந்தது. சிகிச்சையும் தியானமும் அங்கே சேர்ந்தே நின்றன என்பதைக் கவனியுங்கள். மாலையில் விளக்கேற்றிச் சிறிது நேரம் அமைதியாக அமர்வதும், நேரத்தோடு உறங்குவதும் நமக்குப் புதியன அல்லவே.

நேர்த்திக்கடனைப் பற்றியும் இங்கு சொல்ல வேண்டும். இந்நோயாளர் சிலருக்கு, தோலில் காயம் பட்ட இடமெல்லாம் புதிய படை முளைக்கும். பச்சை குத்துதல், அலகு குத்துதல், செடில் காவடி ஆகியவற்றால் இத்தீங்கு நேரலாம். நோயுள்ளவர் பாற்குடம் எடுத்தால் முருகன் ஏற்கமாட்டானா? கந்தசஷ்டி முதலிய உபவாசம் அனுட்டிப்போர், வலி மாத்திரையை வெறும் வயிற்றில், நீரும் அருந்தாமல் விழுங்கினால் குடலும் சிறுநீரகமும் பழுதாகும். வைத்தியரைக் கேட்டு, பாலோ பழமோ உண்டு விரதம் காப்பதே அறிவுடைமை.

இனி நாட்டு வைத்தியம். அதை நாம் இகழ வரவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் நம் முன்னோரின் அறிவுக்குச் சான்று. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் இந்நாட்டில் பதிவு செய்யப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த வைத்தியம் பல்கலைக்கழகப் படிப்பாக இருக்கிறது. அத்தகைய பதிவு பெற்ற வைத்தியரிடம் செல்வோர், தாம் உட்கொள்ளும் ஆங்கில மருந்தை அவரிடமும், அவர் தந்ததை ஆஸ்பத்திரியிலும் சொல்ல வேண்டும். நாம் எச்சரிப்பது பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தைப் பற்றியே. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். இத்தகைய தூள்களில் ஸ்டீரொயிட் மருந்தை மறைத்துக் கலப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீரொயிட்டை உட்கொண்டு திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் உடம்பெங்கும் கொப்புளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஈயம், பாதரசம் கலந்த மருந்துகளும் அகப்பட்டுள்ளன.

முன் எஞ்சினாகிய மருந்தைப் பற்றியும் இரு சொல். மெத்தோட்ரெக்சேட்டை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரிழந்தோர் உலகில் உண்டு. வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில் பிள்ளைகள் அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்க வேண்டும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கும் போக வேண்டும். குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கருவுக்கு அம்மருந்து ஆகாது. அது போதாதவர்களுக்கு 2002 முதல் வேறு வகை ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன.

மருந்து வருமுன் காலம் எப்படி இருந்தது என்பதற்கு இங்கிலாந்தின் நாடகாசிரியர் டெனிஸ் பொட்டர் சாட்சி. இந்நோயால் கை முடங்கி, எழுதுகோலைக் கையோடு கட்டிக்கொண்டு எழுதியவர் அவர். 1994இல் வேறு நோயால் காலமானார். இன்றைய காலத்துக்குச் சாட்சி அமெரிக்க கொல்ப் வீரர் பில் மிக்கல்சன். 2010இல் தமக்கு இந்நோய் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஊசி மருந்தும் எடுத்தார். மரக்கறி உணவுக்கும் மாறிப் பார்த்தார். 2021இல், தம் ஐம்பதாவது வயதில், பெரிய பந்தயமொன்றை வென்றார். செல்வந்தர் அவர், நாம் அல்லோம். ஆனால் மறைக்காமல் சொன்னதற்குச் செல்வம் தேவைப்படவில்லை.

கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் நமக்கு அண்மையில் உள்ளன. அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தடையாக நிற்பவை பயமும் வெட்கமும் ஒரு நாட் சம்பளமுமே. வைத்தியத்துக்கு அங்கங்கள் நான்கென்று வள்ளுவர் வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பேணுபவர். முதல் மூன்றும் நம் ஊரில் இருக்கின்றன. நான்காவதாகிய பேணுபவர் குறைவு. அந்த இடமே இம்மன்றத்து இளைஞருக்குரியது.

ஆகவே மன்றத்தின் முன் சில வேண்டுகோளை வைக்கிறோம். செதில் படையோடு விரல் வீக்கமும் காலை இறுக்கமும் உள்ளவரைக் கண்டால், பஸ் காசு இல்லாதவருக்கு அதைக் கொடுத்து, மொழி தெரியாதவருக்குக் கூடச் சென்று, கிளினிக்கில் சேர்ப்பியுங்கள். அன்னதானப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் நீங்களே முதலில் உட்காருங்கள். மன்றக் கூட்டங்களில் தேத்தண்ணீரைச் சீனி போடாமல் கொடுத்து, சீனியை வேறாக வையுங்கள். அவித்த கடலை, பயறு ஆகியவற்றைப் பிரசாதமாக்குங்கள். காலையில் மைதானத்தில் பெரியவர்களையும் அழைத்து நடக்கச் செய்யுங்கள். ஆண்டுதோறும் ஒக்டோபர் 29ஆந் திகதி உலக சொரியாசிஸ் தினம். அன்று நமது பாடசாலைகளிலும் தோட்டங்களிலும் இது ஒட்டாத நோய் என்ற ஒரு வார்த்தையைப் பரப்புங்கள்.

தாய்மார்களுக்கும் ஒன்று. உங்கள் மகளின் முழங்கையை மூடி வைப்பதால் அவள் வாழ்வு மலராது. அவள் விரல்கள் நேராக இருந்தால் எழுதுவாள், சமைப்பாள், கோலமிடுவாள், குழந்தையைத் தூக்குவாள். அந்த விரல்களைக் காக்க உங்களுக்குக் கிடைத்திருப்பது சில மாதங்கள். அதற்குள் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

எல்லோரும் நோயற்று வாழ எம்பெருமான் திருவருளை வேண்டி அமைகிறோம்.